ரை மொறுமொறு ரொட்டி: கேள்வி பதில்

ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் வசிக்கும் நான், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரிடம் கற்ற முறையில், க்னெக்கெப்ரோட் எனப்படும் மொறுமொறு ரை ரொட்டியைப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே சுட்டு வருகிறேன். அது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மால்மோ): தமிழ்க் குறிப்பொன்றில் ‘கம்பு மாவு’ என்றிருந்தது. கம்பில் செய்தால் வருமா?

பதில்: அந்தக் குறிப்பில் இருப்பது மொழிபெயர்ப்புப் பிழை. ரை என்பது கோதுமைக்கும் பார்லிக்கும் நெருங்கிய உறவான குளிர்நாட்டுத் தானியம். நம் கம்பு வேறு குடும்பக் கிளையைச் சேர்ந்த சிறுதானியம். ரையில் குளூட்டன் வகைப் புரதம் உண்டு என்பதால், சீலியாக் நோய் உள்ளவர்கள் இந்த ரொட்டியைத் தொடவே கூடாது. கம்பில் அது கிடையாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது அத்தகையவர்களுக்கு ஆபத்தாக முடியும்.

கேள்வி (ஒஸ்லோ): அக்கா, வீட்டு ஓவனுக்கு ஏற்ற முழுச் செய்முறையைச் சொல்வீர்களா?

பதில்: கரகரப்பாகத் திரித்த ரை மாவு 300 கிராம், மைதா 100 கிராம், உப்பு 8 கிராம், உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 280 மில்லிலிட்டர். இவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். ரை மாவிலுள்ள பென்டோசான் என்னும் நார்ப்பொருள் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கோதுமை மாவைப் போல இழுபடும் வலை இதில் உருவாகாது. ஆகவே சப்பாத்தி மாவை நினைத்துக்கொண்டு அடித்துப் பிசைவதால் பயனில்லை. பிசுபிசுப்புக்கு அஞ்சி மேலும் மேலும் மாவைக் கொட்டினால் ரொட்டி கல்லாகிவிடும்.

பிறகு எட்டு உருண்டைகளாக்கி, ரை மாவைத் தாராளமாகத் தூவி, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். இங்கே இதற்கென்றே முட்டு முட்டாகச் செதுக்கிய குரூஸ்காவெல் என்னும் கட்டை உண்டு. அது இல்லாதவர்கள் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துவிட்டு, முள்கரண்டியால் இடைவெளியின்றிக் குத்த வேண்டும்; ஆவி வெளியேற வழியில்லையென்றால் வட்டம் பூரியைப் போல உப்பி, மேலே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். நடுவில் சிறு துளையிட்டு, இருபது நிமிடம் அப்படியே விட்டு, 250 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடேறிய பீட்சா கல்லின் மீதோ கனமான தட்டின் மீதோ ஐந்தாறு நிமிடம் சுடுங்கள்.

இந்த நிலையில் கையிலெடுத்தால் ரொட்டி சற்று வளையும். அடுப்பு தருவது வாசனையும் நிறமும் மட்டுமே. மொறுமொறுப்பு உலர்த்துவதால் வருவது. எல்லா வட்டங்களையும் சுட்ட பின், ஓவனை 100 டிகிரிக்குக் குறைத்து, கதவை விரலளவு திறந்து வைத்து, ஒன்றரை மணி நேரம் உலர்த்துங்கள்.

கேள்வி (டொராண்டோ): மறுநாளே நமத்துப் போய்விடுகிறதே, ஏன்?

பதில்: உலர்த்தும் முன்பே டப்பாவில் அடைத்திருப்பீர்கள். நடுவிலுள்ள ஈரம் ஓர் இரவுக்குள் விளிம்புக்குப் பரவிவிடும். தொங்கவிட்டு உலர்த்தவே நடுவில் துளை. மத்திய ஸ்வீடனில் அறுவடை முடிந்ததும் ஒரு முறையும், வசந்தத்தில் பனி உருகி ஆற்றுநீர் ஓடி ஆலைகள் மாவரைக்கத் தொடங்கும்போது ஒரு முறையுமாக, ஆண்டுக்கு இரு தடவை சுட்டு, துளையில் நீண்ட கழியைக் கோத்து, கூரையடியில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

கேள்வி (உப்சாலா): ஸ்வீடிஷ் குறிப்பில் ‘கும்மின்’ என்றிருக்கிறது. சீரகம்தானே?

பதில்: இல்லை. கும்மின் என்பது நாம் சீமைச் சோம்பு என்று சொல்லும் விதை. சீரகத்துக்கு இங்கே ‘ஸ்பீஸ்கும்மின்’ என்று பெயர்.

கேள்வி (கோதன்பர்க்): ஈஸ்ட் சேர்ப்பது தவறு. உண்மையான க்னெக்கெப்ரோட்டில் ஈஸ்டே கிடையாது என்று படித்திருக்கிறேன்.

பதில்: இரண்டு மரபுகளும் உண்மையானவை. மாவில் பொடிப்பனியைக் கலந்து செய்த ‘ஈஸ்ப்ரோட்’, அதாவது பனி ரொட்டி, பழைய வழக்கம்தான்; அடுப்பின் கடும் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகிக் கிளம்பும்போது துளைகள் உண்டாகின்றன. இன்றைய தொழிற்சாலைகள் குளிர்ந்த கூழில் காற்றை அடித்து நுரைக்க வைத்து அதையே செய்கின்றன. அதனால் ஈஸ்ட் சேர்த்த ரொட்டி பொய்யாகிவிடாது.

மீண்டும் அவரே: மூதாதையருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

பதில்: முடியும், தடுக்கவில்லை. நானே மூன்று குளிர்காலங்கள் பனியை அள்ளிக் கலந்து முயன்றிருக்கிறேன். மாவு சற்றே இளகினாலும் காற்று வெளியேறி, பல்லை உடைக்கும் ஓடுதான் கிடைத்தது. சமையலறையைக் குளிராக வைத்து, கல்லைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் கலந்த கையோடு சுட வேண்டும். தொடக்கக்காரரை அதில் இறக்கிவிட்டால் அவர் இரண்டாம் முறை சுடவே மாட்டார் என்பதுதான் என் கவலை.

இடையில் ஒருவர் (ஸ்டாக்ஹோம்): புளித்த ரை மாவில் செய்வதுதானே எல்லாவற்றிலும் சிறந்தது?

பதில்: சுவையில் மறுக்க மாட்டேன்; என் மேசையில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. எதைக் கொண்டு எழுப்பினாலும் உலர்த்தாமல் அடைக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): கேழ்வரகில் செய்யலாமா?

பதில்: மொறுமொறுப்பான கேழ்வரகு ரொட்டி ஒன்று கிடைக்கும். அளவுகள் எதுவும் பொருந்தாது. மால்மோ வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (பெர்கன்): எனக்கும் நமத்துப் போகிறது.

பதில்: உலர்த்துங்கள். நமத்ததையும் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் மீட்டுவிடலாம்.

கேள்வி (ஹெல்சிங்கி): கரும்பழுப்பாகச் சுட்டால் சுவை கூடாதா?

பதில்: கசப்பு கூடும். மாவுச்சத்து மிகுந்த உணவைக் கடும் சூட்டில் வறுத்தாலோ சுட்டாலோ புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் அக்ரிலமைட் என்னும் வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஸ்வீடனின் உணவுத் துறையும் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகமுமே. பொன்னிறத்தில் நிறுத்துங்கள், எஞ்சிய வேலையை மெல்லிய சூடு செய்யட்டும்.

கேள்வி (லண்டன்): சர்க்கரை நோயாளி ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம்?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (லுண்ட்): உடைந்த துண்டுகளை என்ன செய்வது?

பதில்: வெண்ணெய் தடவி, வியாழக்கிழமை பட்டாணி சூப்புடன் தின்னுங்கள், ஸ்வீடனில் அந்தக் கிழமைக்கு அதுவே வழக்கம். முழு வட்டமாக இருந்தாலும் அதைக் கையால் உடைத்துத்தான் உண்கிறார்கள்.