900 டாலருக்குப் பழைய ஷாட்கன்: வாங்கலாமா?

கேள்வி: டாலஸில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. அலுவலக நண்பர்களோடு மாதம் இரண்டு முறை காற்றில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் மைதானத்துக்குப் போகிறேன். ஓய்வுபெறும் சக ஊழியர் ஒருவர் தன் பிரவுனிங் ஆட்டோ-5 ஷாட்கன்னை 900 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். குழல் அளவு 12 கேஜ், 1960களில் பெல்ஜியத்தில் செய்தது. விலை ஏறிக்கொண்டே போகும், இது முதலீடு என்கிறார். அடுத்த ஆண்டு வாத்து வேட்டைக்கும் கூப்பிடுகிறார்கள். வாங்கலாமா? வீட்டில் ஆறு வயது மகன் இருக்கிறான்.

பதில்: யானையின் விலையை விசாரித்துவிட்டீர்கள், தீனிக் கணக்கை இன்னும் போடவில்லை. ஒரு சுற்றுக்கு 25 தோட்டா, அதாவது ஒரு பெட்டி. ஒரு நாளைக்கு நான்கு சுற்று என்றால் மாதம் எட்டுப் பெட்டி, ஆண்டுக்கு 96. பெட்டி 10 டாலர் என்றே வைத்துக்கொள்வோம்: 960 டாலர். முதல் ஆண்டுத் தோட்டாச் செலவே துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடுகிறது. மைதானக் கட்டணம் தனி. மகன் இருப்பதால் பூட்டுள்ள இரும்புப் பெட்டியும் இந்தச் செலவில் சேர்ந்தது. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதலீடு என்ற சொல்லை மறந்துவிடுங்கள். பழைய கேமராக்களை அப்படிச் சொல்லியே வாங்கி அலமாரியை நிரப்பியவன் நான். சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவது மூல மெருகு கெடாத, அதிகம் சுடப்படாத துப்பாக்கிக்கு. நீங்களோ மாதம் 200 தோட்டா சுடப்போகிறீர்கள். குழலுக்கு யாராவது மறுபடி துரு தடுக்கும் நீலப்பூச்சு ஏற்றியிருந்தால் பார்வைக்குப் பளபளக்கும். சேகரிப்பு மதிப்பு இறங்கியிருக்கும்.

துப்பாக்கி மோசமானதல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1900களின் தொடக்கத்திலிருந்து 1998 வரை தயாரானது. ஆனால் சுடும்போது குழலே பின்னோக்கி ஓடித் திரும்பும் அமைப்பு இது. உள்ளே இருக்கும் உராய்வு வளையங்களைத் தோட்டாவின் வலுவுக்கேற்ப மாற்றி அடுக்க வேண்டும். லேசான தோட்டாவுக்கு அடுக்கிவிட்டு வலுவானதைச் சுட்டால், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை காலப்போக்கில் விரிசல் விடும். அதைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து சோதிக்கும் செலவையும் 900-இல் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாத்து வேட்டைதான் இங்கே உதைக்கிறது. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில், தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை. பழைய பெல்ஜியக் குழல்களில் ஈயத்துக்கு மாற்றான இரும்புக் குண்டு சுட வேண்டாம் என்று பிரவுனிங் நிறுவனமே சொல்கிறது. பிஸ்மத் என்ற உலோகக் குண்டு சுடலாம், ஆனால் விலை கசக்கும். வேட்டை உறுதி என்றால் இந்தத் துப்பாக்கி உங்களுக்கானதல்ல.

கிரீன் கார்டு இருப்பதால் கூட்டாட்சிச் சட்டப்படி குடியுரிமை சார்ந்த தடை உங்களுக்கு இல்லை. எச்-1பி விசாவில் இருக்கும் வாசகர்கள் இதைத் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம்; வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸில் தனிநபர்கள் நேரடியாகவே கைமாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் உரிமம் பெற்ற வியாபாரி வழியாக, பின்னணிச் சோதனையோடு வாங்குங்கள். சிறு கட்டணம்தான், தொடர் எண்ணோடு பதிவு கிடைக்கும். வீட்டுக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். திருட்டு இழப்பில் முதல் 2,000 டாலர் உங்கள் பொறுப்பு என்று பாலிசி சொன்னால், 900 டாலர் துப்பாக்கிக்கு ஒரு சதமும் வராது.

என் யோசனை: மூன்று மாதம் மைதானத்தில் வாடகைத் துப்பாக்கியில் சுடுங்கள். ஆசை குறையவில்லை, வேட்டையும் வேண்டாம் என்றால், சோதித்த பிறகு பொழுதுபோக்குக்கு ஒதுக்கிய ரொக்கத்தில் வாங்குங்கள். கிரெடிட் கார்டு வேண்டாம். காத்திருக்கவோ சோதிக்கவோ நண்பர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கி இது, இன்னொன்று வரும்.