பட்டியல் கேட்கும் ஸ்பான்சர்: நூலகக் கதை நேரத்துக்கு ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். மே மாதம் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்த நூலகர் சம்மதித்துவிட்டார். நோட்டீஸ், பரிசு, சிற்றுண்டிச் செலவு முழுவதையும் ஒரு தனியார் பயிற்சி மையம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது. வருகிற குழந்தைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் செல்போன் எண் இருக்கும் பட்டியல் மட்டும் வேண்டுமாம். "நமக்கென்ன நஷ்டம், கொடுத்துவிடலாம்" என்கிறார்கள் வட்டத்தில் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்தப் பட்டியல் உங்களுடையதும் இல்லை, நூலகருடையதும் இல்லை. கதை கேட்கப் பிள்ளையை அனுப்புகிற தாய், நூலகத்தை நம்பி எண் தருகிறார். ஜூன் மாதம் முழுக்க "உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு, அட்மிஷனுக்கு வாங்க" என்று அவருக்கு போன் வந்தால், எண் எங்கிருந்து போனது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து குழந்தை வராது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் வராது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. தாளில் எழுதி வாங்கிய எண்ணை எக்செல்லில் ஏற்றிவிட்டால் அதுவும் எண்மத் தரவுதான். எந்தப் பிரிவு எப்போது நடைமுறைக்கு வருகிறது என்ற நுணுக்கமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். "பெற்றோர் சம்மதம் இல்லாமல் தர முடியாது, சம்மதம் கேட்கவும் நாங்கள் தயாராக இல்லை" என்று சொன்னால் போதும்.

ஆனால் "பட்டியல் தர மாட்டோம்" என்று சொல்லிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். வாசல் வழியாகக் கிடைக்காததைக் கொல்லைப்புறமாக எடுக்கும் வழிகள் இவர்களுக்கு அத்துப்படி. அதிகம் நடப்பது வண்ணம் தீட்டும் தாள். மேல்பாதியில் அழகான மயில் படம் இருக்கும். அதன் கீழே புள்ளிக்கோடு. கோட்டுக்குக் கீழே பெயர், வகுப்பு, பள்ளி, தந்தை செல்போன். குழந்தை மயிலுக்கு நீலம் பூசி முடித்ததும் மையத்து ஆள் கோட்டோடு கிழித்து, கீழ்ப்பாதியைத் தன் பையில் போட்டுக்கொள்வார். இருபது நிமிடத்தில் இருபத்தைந்து எண்கள் கைக்குப் போய்விடும். "குலுக்கல் பரிசுக் கூப்பன்" இதே வேலைதான். "இலவசத் திறனறித் தேர்வு" என்றால் விடைத்தாளின் முதல் கட்டமே செல்போன் எண்ணாக இருக்கும். இப்போது கியூஆர் குறியீடும் வந்துவிட்டது. வாசலில் ஒட்டி, "ஸ்கேன் செய்தால் கதை பிடிஎஃப் இலவசம்" என்பார்கள். ஆகவே அவர்கள் கொண்டுவரும் எந்தத் தாளையும் குழந்தை கைக்குப் போகுமுன் நீங்கள் வாங்கிப் பாருங்கள். புள்ளிக்கோடு இருந்தால் கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவையும் இதோடு சேர்க்க வேண்டும். "கதை நேரம் பெற்றோர் குழு" என்று நல்லெண்ணத்தோடு தொடங்குவீர்கள். குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும். பெற்றோர் என்ற பெயரில் மையத்து ஆள் ஒருவர் சேர்ந்தால் பட்டியல் முழுதும் அவர் கையில். குழு வேண்டாம், பிராட்காஸ்ட் பட்டியல் வையுங்கள். அதில் ஒரு பெற்றோரின் எண் இன்னொருவருக்குத் தெரியாது. நூலகரின் எண்ணைப் பெற்றோர் தங்கள் போனில் பதிந்துவைத்தால்தான் அதில் செய்தி போய்ச் சேரும். எனவே முதல் நாளே எண்ணைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஆயிரம் குழந்தைகள் ஒரே நேரத்தில் புத்தகம் வாசித்து உலக சாதனை" என்று ஒருவர் வருவார். சான்றிதழ், மெடல், மேடை, பத்திரிகைச் செய்தி எல்லாம் அவர் பொறுப்பு என்பார். கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பதிவுக் கட்டணம் இருக்கும். அது பெற்றோர் தலையில் விழும். சுட்டெரிக்கும் வெயிலில் பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த குழந்தை, புத்தகத்தில் இரண்டு பக்கம்கூடப் படித்திருக்காது. பணம் கட்டினால் தருகிற சான்றிதழுக்கு எங்கும் மதிப்பில்லை. நூலகத்தின் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அந்த மையத்திடம் எதுவுமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். பொருளாக வாங்குங்கள், ரொக்கமாக வேண்டாம். வாசகர் வட்டத்து ஆள் ஒருவரின் ஜிபே எண்ணுக்குப் பணம் வந்தால், நாளைக்கு வட்டத்துக்குள்ளேயே சண்டை வரும். இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஐந்து ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் தேவை இவ்வளவுதான்: பன்னிரண்டு வண்ண கிரேயான் பெட்டி பத்து (மூன்று பேருக்கு ஒன்று, ஒன்றிரண்டு உதிரி), ஒரு ரீம் ஏ4 தாள், இரண்டு பெரிய ஜமுக்காளம், வாரம் ஒரு இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், சுண்டலுக்கு வாரம் ஒன்றேகால் கிலோ கொண்டைக்கடலை. இதற்கு ஸ்பான்சரே தேவையில்லை. ஊரில் ஒரு மளிகைக் கடையும் ஒரு ஸ்டேஷனரிக் கடையும் மனசு வைத்தால் முடிந்தது. கடைக்காரர் பெயரைக் கரும்பலகையில் "இந்த வாரச் சுண்டல்: இன்னார்" என்று எழுதினால் போதும், அவர் அடுத்த வாரமும் தருவார்.

மையம் பிறகும் வருகிறேன் என்றால் வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தருகிற பொருள் எது, எத்தனை. பேனர் ஒன்றுதான், அது வாசலுக்கு வெளியே. குழந்தைகளிடமோ பெற்றோரிடமோ எந்த விவரமும் கேட்கக் கூடாது. குழந்தைகளைப் படம் எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போடக் கூடாது. இந்த நாலு வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறார் என்றால், அவர் வந்த காரியம் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு நூலகம் கிரேயானுக்காகப் பயிற்சி மையத்தின் வாசலில் நிற்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டத்தின் உயிரே நூலக வரி. இன்று நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து பைசா நூலகத்துக்காக வசூலாகிறது. வசூலித்த உள்ளாட்சி அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் நிலுவை வைப்பதும், கேட்டால் கடிதப் போக்குவரத்து நடப்பதும் ஆண்டுக்கணக்கில் தொடரும் கதை. மக்கள் கொடுத்த காசு வழியில் தேங்கி நிற்கிறது, இங்கே ஒரே நூலகர் இரண்டு நூலகங்களின் சாவியைச் சுமந்து அலைகிறார். உங்கள் பேரூராட்சி நூலக வரியைக் கட்டிவிட்டதா, எவ்வளவு பாக்கி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். வாசகர் வட்டம் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை அது.

சரி, ஸ்பான்சர் இல்லாமல் குழந்தைகளை எப்படிக் கூட்டுவது? நோட்டீஸை விட ஆட்கள்தான் கூட்டுவார்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள். அங்கே பெற்றோர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் கடைசித் தேர்வுக்கு முன் இதைச் செய்தாக வேண்டும், பள்ளி மூடிவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது. சின்னக் குழந்தைகளுக்கு அங்கன்வாடிப் பணியாளர். தெருவாரியாகச் சொல்ல மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். குழந்தைகளை உட்கார வைத்துக் கதை சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். முதலில் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். நூலகர் வாய்மொழியாகச் சம்மதித்தது போதாது, பிரச்சினை வந்தால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். அவர் மூலமாக மாவட்ட நூலக அலுவலருக்கு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், வயது, எண்ணிக்கை, கதை சொல்பவர்கள் யார், கட்டணம் கிடையாது, விற்பனை கிடையாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் கடிதம் கோடை முடிந்த பிறகு வந்தாலும் வரும், அந்த முத்திரைதான் உங்களுக்குக் காப்பு.

இடம்தான் பலரும் சறுக்குகிற விஷயம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிறு திறந்திருப்பது உங்களுக்கு வசதியாகத் தெரியும். ஆனால் ஞாயிறு காலை நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஒரே கூடத்தில் இருபத்தைந்து குழந்தைகள் "புலி வந்துச்சா?" என்று கத்தினால், இரண்டாவது வாரமே புகார் எழுதிப் போடுவார்கள், நிகழ்ச்சி நின்றுவிடும். அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்களுக்கும் நூலகம். பக்கத்துத் தொடக்கப் பள்ளி வகுப்பறையையோ கோயில் மண்டபத்தையோ கேளுங்கள். நாற்பது புத்தகங்களைப் பையில் எடுத்துப் போய், போகும்போதும் வரும்போதும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் குழந்தைகளை நூலகத்துக்கு நடத்திக்கொண்டு வந்து, உறுப்பினர் படிவத்தை அன்றே கொடுத்தனுப்புங்கள். காப்புத் தொகை கட்ட முடியாத வீட்டுக்கு நன்கொடையாளர் கட்டலாம், ஆனால் ரசீது குழந்தையின் பெயரில் இருக்க வேண்டும்.

கதை நேரம் நாற்பது நிமிடம் போதும். நாலு முதல் ஏழு வயது ஒரு குழு, எட்டு முதல் பன்னிரண்டு இன்னொரு குழு. சேர்த்து உட்கார வைத்தால் பெரிய பிள்ளைகளுக்குச் சலிப்பு, சின்னவர்களுக்குப் புரியாது. படம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் இருக்கும் தமிழ்ப் படக்கதைகளை ஏ3 அளவில் அச்சிட்டுக்கொள்ளலாம். அவை யாரும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளும் திறந்த உரிமத்தில் இருப்பவை, எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தே இருக்கட்டும். எந்தக் குழந்தையாவது தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் விசாரணை செய்ய உட்காராதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அது பாலியல் கொடுமை என்றால், தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

செல்போன் எண்ணை யாருமே வைத்திருக்கக் கூடாதா என்றால், நூலகர் ஒருவர் வைத்திருக்கலாம். அவசரத்துக்கு ஒரே ஒரு தாள், அவர் மேசை இழுப்பறையில். எண் வெளியே போக அனுமதிக்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு, இதில் தவறு செய்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழந்தைகளை ஒருநாள் வேன் வைத்து வெளியூர் அழைத்துப் போகிறீர்கள், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியைக் காட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எண்கள் நூலகர் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தால் ஆபத்து. வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது? எனவே அன்று மட்டும் இரண்டு நகல். ஒன்று வேனில் வரும் பொறுப்பாளர் பெண்மணியிடம், இன்னொன்று ஊரில் இருக்கும் நூலகரிடம். ஓட்டுநரிடம் தர வேண்டாம், அவருக்குப் பொறுப்பாளரின் எண் போதும். தாளில் குழந்தையின் பெயர், இரண்டு எண்கள் (ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று), ஒவ்வாத உணவு, தினசரி மருந்து இருந்தால் அது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் தனியாக. குழந்தையின் கழுத்து அட்டையில் பெயரும் பொறுப்பாளர் எண்ணும் மட்டும் இருக்கட்டும், பெற்றோர் எண் வேண்டாம், கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். ஸ்பான்சர் வேன் வாடகை கொடுத்திருந்தாலும் அவர் ஆளுக்கு அந்தத் தாளைக் காட்ட வேண்டியதில்லை. மாலை திரும்பி, கடைசிக் குழந்தையைப் பெற்றோர் கையில் ஒப்படைத்ததும் வேனில் போன நகலைப் பொறுப்பாளரிடமிருந்து வாங்கி, நூலகர் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் அப்போதே அழிக்கச் சொல்லுங்கள்.