டெம்ப்ளர்களின் வாக்குமூலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலுவைப் போர்க் காலத்தின் துறவி-வீரர் அமைப்பான டெம்ப்ளர் சபையின் வீழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பின் பணத்தேவையே அவர்களை அழித்தது என்கிறீர்கள். ஆனால் 1307இல் பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் 134 பேர், கிறிஸ்துவை மறுதலித்தது, சிலுவைமேல் உமிழ்ந்தது போன்ற குற்றங்களில் ஏதேனும் ஒன்றையாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணிக்கை சரியானதே. ஆனால் அது பெறப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டால் மன்னிப்பு, மறுத்தால் மரணம் என்று கைதிகளிடம் சொல்லும்படியும், தேவையெனில் சித்திரவதை செய்யும்படியும் அரசனின் ஆணையே வழிகாட்டியது. பெர்னார் தெ வாதோ என்ற குருவானவரின் பாதங்களை நெருப்பருகே வெகுநேரம் பிடித்து வாட்டியதில், சில நாட்களில் குதிகாலின் எலும்புகள் கழன்று விழுந்தன. அந்த எலும்புகளை அவர் போப்பின் விசாரணைக் குழுவின் முன் எடுத்துக் காட்டினார். அதைப் படித்த பிறகு, 134 என்ற எண்ணை என்னால் சாட்சியமாகக் கொள்ள முடியவில்லை.

அந்தக் குழுவின் முன் சபைக்காக வாதாடப் பலர் துணிந்தபோது, 1310 மே 12 அன்று 54 பேர் பாரிஸுக்கு வெளியே உயிரோடு எரிக்கப்பட்டார்கள். முன்பு ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றவர், கைவிட்ட பிழைக்கே மீண்டும் திரும்பியவர் என்று கருதப்பட்டதால் அவருக்கு மன்னிப்பில்லை. மறுநாள் முகம் வெளிறி வந்து நின்ற எமெரி தெ வில்லியே-ல-தூக் என்ற டெம்ப்ளர், அவர்கள் வண்டிகளில் கொண்டுபோகப்பட்டதைக் கண்டதாகவும், கேட்டால் ஆண்டவரைக் கொன்றதாகக்கூட ஒப்புக்கொள்வேன் என்றும் கூறினார்.

இதனோடு சைப்ரஸை ஒப்பிடுங்கள். அங்கே அதே குற்றச்சாட்டுகளின் பேரில் விசாரிக்கப்பட்ட 76 டெம்ப்ளர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே சபை, ஒரே சட்டதிட்டம். பிலிப்பின் கை மட்டும் அங்கே எட்டவில்லை.

பணத்தேவை மட்டுமே காரணம் என்று நான் எழுதியிருந்தால் அது குறைதான். 1291இல் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களின் கடைசிப் பெரிய அரணான ஏக்கர் கோட்டை விழுந்து, அந்தப் புனித நாட்டைக் காக்கும் வேலை கையை விட்டுப் போனபின், அவர்களுக்காகப் பேசுவோர் குறைந்திருந்தார்கள். 1312இல் போப் ஐந்தாம் கிளெமெண்ட் சபையைக் கலைத்தபோதும், குற்றம் நிரூபிக்கப்பட்டதாகத் தீர்ப்பளிக்கவில்லை.

தலைவர் ழாக் தெ மொலேயும் 1307இல் ஒப்புக்கொண்டவரே. 1314 மார்ச்சில், நோத்ர்தாம் பேராலயத்தின் முன் அவருக்கு ஆயுள்சிறை அறிவிக்கப்பட்டது. பேசாமல் நின்றிருந்தால் உயிர் தப்பியிருக்கும். அவரும் சபையின் நார்மண்டிப் பகுதித் தலைவர் ழோஃப்ருவா தெ ஷார்னேயும் எழுந்து, சபை குற்றமற்றது என்று கூட்டத்தின் முன் அறிவித்தார்கள். அன்று மாலையே செய்ன் நதியின் சிறு தீவொன்றில் இருவரையும் எரித்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்