ஊசியும் வேண்டாம், கணக்கும் வேண்டாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. முதலாம் வகை நீரிழிவுக்காக இரண்டு வருடங்களாக இன்சுலின் ஊசி போடுகிறோம். தூக்கத்தில் சீனி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் தினமும் விடியற்புறம் மூன்று மணிக்கு எழுந்து விரலில் குத்திப் பார்க்கிறேன். தானாக இன்சுலின் ஏற்றும் கருவியொன்றை வாங்கி அனுப்புவதாகக் கனடாவிலுள்ள என் தம்பி சொல்கிறார். அதைப் பூட்டினால் ஊசியும் வேண்டாம், கணக்கும் வேண்டாமாம். நம்பலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி சொல்வதில் இரவைப் பற்றிய பகுதியை நம்பலாம். தோலின் கீழ் இருக்கும் உணரி, கலங்களுக்கிடையிலுள்ள திரவத்தின் குளுக்கோசை அளந்து ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கொரு முறை அறிவிக்க, அளவு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கணித்து, இறங்கும் போக்குத் தெரிந்தால் இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ, ஏறும் போக்குத் தெரிந்தால் கூட்டவோ, உடம்போடு பொருத்தியிருக்கும் இன்சுலின் பம்பிக்குக் கட்டளையிடுகிறது ஒரு நிரல். இவ்வகையில் முதலாவதான மினிமெட் 670ஜி அமெரிக்காவில் 2016 செப்டெம்பரில் அனுமதி பெற்றது. இங்கிலாந்தில் முதலாம் வகை நீரிழிவுள்ள சிறுவர்களுக்கு இத்தகைய கருவிகளை வழங்கலாம் என 2023 டிசம்பரில் பரிந்துரைக்கப்பட்டது. உங்கள் மூன்று மணி விழிப்பின் பெரும்பகுதியை இது தன்மேல் ஏற்றுக்கொள்ளும்.

கணக்கு மட்டும் போகாது. தோலின் கீழ் செலுத்தப்படும் விரைவு இன்சுலின் வேலையைத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடமாகும். பிட்டும் வாழைப்பழமும் அதுவரை காத்திருப்பதில்லை. ஆகவே மகள் எவ்வளவு மாச்சத்துச் சாப்பிடப்போகிறாள் என்பதைச் சாப்பாட்டுக்கு முன்னரே கருவிக்குச் சொல்ல வேண்டும். முழுத் தானியங்கி என்னாமல் கலப்பு முறை என்று இதை அழைப்பதற்குக் காரணம் இதுதான்.

பலரும் கேட்க மறப்பது வேறொன்று. பம்பியை ஒருமுறை வாங்கி அனுப்பிவிடலாம். ஆனால் இன்சுலின் இறங்கும் குழாய்த் தொகுதியை இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறையும், உணரியை வகையைப் பொறுத்துப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கொரு முறையும் மாற்ற வேண்டும். வருடக்கணக்காக இவை களுவாஞ்சிக்குடிக்கு வந்துசேர வழியுண்டா என்பதைத் தம்பியிடம் விலைக்கு முன்னர் கேளுங்கள். இன்சுலினும் அப்படித்தான். இக்கருவிகள் லிஸ்புரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு இன்சுலின்களுக்கென அமைக்கப்பட்டவை. கிளினிக்கில் தரும் கலங்கல் மருந்தை ஒருபோதும் அதற்குள் ஊற்றக்கூடாது. தெளிந்த மருந்தாயினும் எது என்று வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். பம்பிக்குள் இருக்கும் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இல்லை, உடம்போடு இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மகள் வெயிலில் விளையாடும்போது அது 37 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறினால் அந்த மருந்தைக் கழித்துவிட வேண்டியதுதான்.

ஆபத்தான இடம் ஒன்றுண்டு. பம்பியில் நீண்டநேர இன்சுலின் கிடையாது. குழாய் மடிந்தோ அடைபட்டோ போனால் சில மணி நேரத்திலேயே உடலில் கீற்றோன்கள் (இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு உடைந்து உருவாகும் அமிலப் பொருட்கள்) சேர்ந்து, வாந்தியும் மூச்சு வாங்குதலும் தொடங்கக்கூடும். சீனி 250 mg/dLக்கு மேல் நின்று, அதை இறக்கப் பம்பியால் மேலதிக இன்சுலின் கொடுத்தும் இறங்காவிட்டால் கீற்றோன் பார்த்து, பேனையாலோ சிரிஞ்சாலோ இன்சுலின் போட்டு, குழாயை மாற்ற வேண்டும். வாந்தி வந்தால் வைத்தியசாலைக்குத் தாமதியாமல் போக வேண்டும். ஆகவே ஊசியை வீட்டிலிருந்து அகற்றிவிடாதீர்கள். மகளைப் பார்க்கும் வைத்தியர் அளவுகளை அமைத்துத் தராமல் வீட்டில் நீங்களாகவே பூட்டவும் வேண்டாம்.

கேள்வி: மாத்திரை மட்டும் எடுக்கும் என் வாப்பாவுக்கு (வயது 61) இக்கருவி உதவுமா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உதவாது. இன்சுலின் தேவைப்படுபவருக்கே இது. இன்சுலின் எடுக்கும் இரண்டாம் வகை நோயாளருக்கும் அமெரிக்காவில் 2024இல் ஒரு கருவி அனுமதிக்கப்பட்டது என்பது உண்மைதான். மாத்திரையோடு இருக்கும் உங்கள் வாப்பா அந்த வரிசையில் இல்லை.