சாக்லேட் கேரமல் குக்கீ கப் வீட்லயே ஈஸியா செய்ய முடியுமா?

தாராளமா செய்யலாம், 12 குழி மஃபின் ட்ரேயும் ஓவனும் இருந்தா போதும். 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச்சர்க்கரை ரெண்டையும் நல்லா குழைச்சு, ஒரு முட்டை, 180 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து பிசைஞ்சு (முட்டை வேணாம்னா மூணு ஸ்பூன் பால் ஊத்துங்க), அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, வெண்ணெய் தடவின குழியில உருண்டை உருண்டையா போட்டு 180 டிகிரியில ஒரு 12 நிமிஷம் பேக் பண்ணுங்க.

வெளிய எடுத்ததுமே சின்ன டம்ளரோட அடிப்பக்கத்தால நடுவுல அமுக்கணும், அப்போ பாக்க வேகாத மாதிரி மெத்துனு இருக்கும், பயப்படாதீங்க, ஆறுனா இறுகிடும். ஆறவிட்டு அமுக்குனா விரிசல் விட்டு கேரமல் எல்லாம் ஒழுகிடும். ட்ரேயிலயே முழுசா ஆறட்டும்.

கேரமலுக்கு 100 கிராம் சீனிய அடிகனமான பாத்திரத்துல சின்ன தீயில உருக்குங்க, தேன் கலர் தாண்டி செம்பு கலர் வந்ததும் 40 கிராம் வெண்ணெய், அப்புறம் 60 மில்லி வெதுவெதுப்பான க்ரீம். க்ரீம் ஊத்துறப்போ புஸ்ஸுனு பொங்கும், கைய தள்ளி வச்சுக்கோங்க. கலர் கறுத்துட்டா கசக்கும், அத தூக்கி போட்டுடுங்க, க்ரீம் ஊத்தி சரி பண்ணவே முடியாது. இதெல்லாம் யாரு கிண்டுறதுன்னா கண்டென்ஸ்ட் மில்க்ல கொஞ்சம் வெண்ணெய் போட்டு கெட்டியாகுற வரைக்கும் கிளறுனாலும் ஓகே, ஆனா ருசி பால்கோவா பக்கம் போயிடும்.

கப்ல முக்கால்வாசி கேரமல், அது செட் ஆனதும் உருக்கின டார்க் சாக்லேட். மில்க் சாக்லேட் போட்டா ரொம்பவே திகட்டுது.