ஃபின்னிஷில் 'இருந்து': கேள்வி பதில்

கே: அக்கா, நமக்கு 'இலிருந்து' ஒன்றே போதும். ஃபின்னிஷில் ஏன் இரண்டு?

ப: பொருள் கிளம்புவதற்கு முன் எங்கே இருந்தது என்று அந்த மொழி கேட்கிறது. உள்ளே இருந்ததென்றால் 'ஸ்தா' (எலேட்டிவ்). மேலேயோ பக்கத்திலோ இருந்ததென்றால் 'ல்தா' (அப்லேட்டிவ்). பைக்குள்ளிருந்து எடுத்தால் லௌகுஸ்தா. கூரையிலிருந்து பூனை குதித்தால் கதொல்தா. ஆட்களுக்கும் 'ல்தா' வகைதான்: இசேல்தே, அப்பாவிடமிருந்து. சொல்லின் உயிரொலிக்கு இசைந்து 'தா' என்பது 'தே' ஆகும்.

கே: ஊர்ப்பெயர்களுக்கு விதி உண்டா?

ப: முழு விதி கிடையாது. ஹெல்சின்கி, துர்க்கு இரண்டுக்கும் ஸ்தா வகை. தம்பெரே, வன்தா, ரோவனியெமி மூன்றுக்கும் ல்தா. நாடுகளுக்குப் பெரும்பாலும் ஸ்தாதான், ரஷ்யாவுக்கோ வெனேயேல்தே என்று மாறும். 'அந்த ஊரில்' என்ற வடிவத்தை முதலில் படியுங்கள். அங்கே 'ஸ்ஸா' வந்தால் இங்கே 'ஸ்தா', 'ல்லா' வந்தால் 'ல்தா'.

கே: 'சாவியைப் பையில் கண்டுபிடித்தேன்' என்று எழுத 'ஸ்ஸா' போட்டேன். ஆசிரியர் அடித்துவிட்டு 'ஸ்தா' போட்டார். சாவி எங்கும் போகவில்லையே?

ப: எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது. தேடுவது, கண்டெடுப்பது, வாங்குவது எல்லாமே ஃபின்னிஷ்காரருக்கு ஓர் இடத்திலிருந்து தன்னை நோக்கி வருகிற செயல்கள். கடையில் புத்தகம் வாங்கினாலும் கௌபஸ்தா, 'கடையிலிருந்து'தான். மறதிக்கோ நேரெதிர்த் திசை: சாவியை வீட்டுக்குள் மறந்தேன் என்பார்கள். வீட்டிலேயே தங்கிவிடுவதும் அப்படித்தான். ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கும் ஒன்று பிடித்திருப்பதற்கும்கூட ஸ்தா வரும். 'காப்பி பிடிக்கும்' என்பது பிடேன் கஹ்விஸ்தா. தமிழ் வாக்கியத்தை வைத்து ஊகிக்காதீர்கள். வினைச்சொல்லைப் படிக்கும்போதே அது கேட்கும் வேற்றுமையையும் சேர்த்துப் படியுங்கள்.

கே: மீன் வாசம் அடிக்கிறது என்பதற்கு?

ப: ல்தா. வாசம், ருசி, தோற்றம், ஓசை நான்குக்கும் அதேதான்.

கே: 'வீட்டிலிருந்து' மட்டும் ஏன் கொதொஆ? ஸ்தாவும் இல்லை, ல்தாவும் இல்லை.

ப: மிகப் பழைய வடிவம் அது. ஒரு காலத்தில் வெறும் 'தா' ஒன்றே 'இருந்து' என்ற பொருளைத் தந்தது. பிறகு அதன் முன்னே 'ஸ்' சேர்ந்து ஸ்தாவும், 'ல்' சேர்ந்து ல்தாவும் பிறந்தன. தனித்து நின்ற 'தா', ஒன்றின் ஒரு பகுதியைக் குறிக்கும் பார்ட்டிட்டிவ் வேற்றுமையாக மாறிவிட்டது. அன்றாடம் புழங்கும் சில சொற்களில் மட்டும், 'தா' தேய்ந்து 'ஆ' ஆகிவிட்டாலும், பழைய பொருள் அப்படியே நிற்கிறது: கொதொஆ, உல்கொஆ (வெளியிலிருந்து), தகா (பின்னாலிருந்து), கௌகா (தொலைவிலிருந்து). இந்த நான்கையும் இன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள்.