தூரிகை கேள்வி-பதில்: இடித்த லயன் வீட்டை எப்படி வரைவது?

கேள்வி: எஸ்டேட் லயன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வளர்ந்தேன். அந்த லயனை இடித்துவிட்டார்கள், ஒரு போட்டோகூட இல்லை. ஞாபகத்திலிருந்து வரைந்தால் காலண்டர் படம் மாதிரி வருகிறது. ஏன்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பெரும்பாலும் கண் மட்டம்தான் காரணம். நீங்கள் பார்த்தது ஆறு வயதில். வரைவதோ இன்றைய உயரத்திலிருந்து. ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் 3½ அடியில் இருக்கும், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 அடியில். அதே தரையில் நிற்கும் எல்லாவற்றையும் கண் மட்டக் கோடு (கண் உயரத்தில் படத்தின் குறுக்கே போகும் படுக்கைக் கோடு) அந்த உயரத்திலேயே வெட்டும். 6 அடிக் கதவில் பிள்ளையின் கோடு பாதிக்குச் சற்று மேலே போகும். பெரியவரின் கோடு நிலையின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போய்விடும், வீடு சிறுத்துவிடும்.

தேயிலையிலும் இதே கதைதான். கவாத்து செய்து (கிளை வெட்டி) வளர்க்கும் செடி 2½ முதல் 3 அடி. பெரியவருக்கு அதன் மேல்பரப்பு அகலமாகத் தெரியும். பிள்ளைக்கு அது ஒரு மெல்லிய கீற்று. கண்ணெதிரே இருப்பது பக்கவாட்டுக் கிளைகளும் தூரடி இருட்டும். காலண்டர் காட்டுவது பெரியவர் பார்க்கும் தோட்டத்தை.

அதனால் படத்துக்கு முன் ஒரு தரைப்படம் போடுங்கள். வாசல் எந்தத் திசை, குழாயடி எங்கே, பாதை எங்கே திரும்பும் என்று குறியுங்கள். தூரம் அடிக்கணக்கில் ஞாபகம் இருக்காது. குழாயடிக்குப் போக எத்தனை வாசல் தாண்டினீர்கள் என்று எண்ணுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக வரையச் சொல்லுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் அழுத்திப் பேசுகிறவர் ஞாபகமே தாளில் ஏறும். வாசல் திசை உறுதியானால், காலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்பதும் முடிவாகிவிடும்.

சரிவில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். பாதை ஏறுகிறதே என்று கூரையையும் சேர்த்துச் சாய்ப்பார்கள். வீடு சமதளம் வெட்டிக் கட்டியது. கூரை விளிம்பும் ஜன்னல் விளிம்பும் நீண்டுபோய்க் கண் மட்டத்தில்தான் சேர வேண்டும். உங்களுக்கு எதிரே ஏறிப்போகும் பாதையின் ஓரங்கள் மட்டும் அதற்கு மேலே சேரும்.

கேள்வி: வாட்டர்கலரில் மூடுபனி போட்டால் திட்டுத் திட்டாகக் கறை விழுகிறது.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: காகிதத்தைவிடத் தூரிகையில் தண்ணீர் அதிகம். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் அந்தத் தண்ணீர் இறங்கி, நிறத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது. காலிஃபிளவர் மாதிரி கறை அப்படித்தான் வருகிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் வாங்குங்கள், மெல்லியது நெளிந்து குளம் கட்டும். நனைத்த தாளில் பளபளப்பு அடங்கிய பிறகே நிறம் வையுங்கள், தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு.

பனிக்கு வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம், காகிதத்தின் வெள்ளையே போதும். அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு சேர்த்தால் மலைச் சாம்பல் நீலம் கிடைக்கும். உங்கள் ஊர் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நிற்கும்போது பனி பள்ளத்திலிருந்து ஏறி வரும். முகடு தெரியும், அடிவாரம் மறையும். ஆகவே மேல் விளிம்பைத் தெளிவாக இழுத்து, நிறம் காய்வதற்குள் கீழ் விளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். படத்தில் அடுத்த மலையை வரையுமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் மலையில் இது வெகுநேரம் எடுக்கும். ஹேர் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்துக் காயவைக்கலாம்.

கேள்வி: சின்ன வயதில் ஹில்குரோ ஸ்டேஷனில் பார்த்த நீலகிரி மலை ரயிலை வரைகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: என்ஜினை இறக்கப் பக்கம் வையுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும் ரயிலை என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நிற்கும். தண்டவாளத்துக்கு நடுவில் என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல் பட்டை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். ஏற்றத்தையும் மிகைப்படுத்த வேண்டாம்: மிகச் செங்குத்தான இடத்திலேயே ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடிதான். பக்கவாட்டுப் படத்தில் 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயர்த்தினால் போதும்.